பூஜ்யத்துக்கு மேல் இரண்டு

நண்பகலில் பூஜ்யத்துக்கு மேல் இரண்டு டிகிரி,
மூன்று மணிக்கு மழை
என்கிறது வானிலை அறிக்கை.
இப்போது ஏழு இருபது.
கராஷோக்கிலிருந்து நாற்பது கிலோமீட்டர்,
உறைந்த ஏரியின் வடகரை.

கிடப்பவருக்கு அவசரமில்லை.
அவரைச் சுற்றியிருக்கும் தண்ணீருக்குத்தான் அவசரம்.
ஆமாம், தண்ணீர்.
யாரோ ஒருவன் நடந்து போன பாரத்தை
குதிகால் தேய்மானம் வரை
மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது.
மதியத்துக்குள் மறந்துவிடும்.

முதலில் ஒரு வழி.
அவன் வந்திருக்க மாட்டான் என்று தோன்றும் பக்கமாக
சிவப்புக் குச்சிகள் நட்டு
ஒரே ஒரு வழி.
மருத்துவர் அதில்தான், நான் அதில்தான்,
ஹால்டிஸுக்கு சிகரெட் வேண்டுமென்றாலும்
அதிலேயே திரும்பி
பனி ஸ்கூட்டர்களுக்கு அப்பால் போய்.
இரண்டு அண்டங்காக்கைகள் மட்டும்
எங்கள் குச்சிகளை மதிக்கவில்லை.

கறுப்புத் தார்ப்பாய் எடுத்து வந்தான் எய்லிஃப்.
கறுப்பு வெயிலைக் குடிக்கும், திருப்பிக் கொண்டு போ.
மீன்பிடிக் குடிசையில் இருந்த வெள்ளைப் பெட்டிகளைக்
கவிழ்த்தோம், சுவட்டுக்கு ஒன்றாய்,
பதினொன்று.
தூரத்திலிருந்து பார்த்தால்
யாரோ சந்தை விரிக்கப் போகிற மாதிரி.

ரத்தம் பட்ட கையுறை காகிதப் பையில்.
பிளாஸ்டிக்கில் போட்டால் புழுங்கும், பூஞ்சை தின்னும்.
காகிதம் மூச்சு விடும்,
அந்தக் கையுறைக்குள் இருந்தவர் விடாததை.

பிறகு யோவ்னா.
வழிதவறிய மான்களைத் தேடி
விடியுமுன் வந்தவர், முதலில் கண்டவர்.
தன் துருவமான் தோலங்கியைக் கழற்றி
இறந்தவரின் முகத்தை மூடிவிட்டு
உதவி கேட்கப் போனவர்,
உறைநிலைக்குக் கீழே ஒன்பதில், வெறும் கம்பளிச் சட்டையோடு.
இப்போது பிணத்தின் கழுத்தெங்கும்
ஆயிரக்கணக்கில் மான்மயிர்,
ஒவ்வொன்றும் உள்ளே காற்றடைத்த குழல்.
கொன்றவன் விட்ட ஓர் இழை இருந்திருந்தால்
இந்தக் கருணைக்குள்தான் தேடவேண்டும்.

ஏன் மூடினீர்கள் என்றேன்.
படிவத்தில் அந்தக் கேள்வி உண்டு.
"காக்கை முகத்தில்தான் தொடங்கும்" என்றார்.
படிவத்தில் அதற்கு இடம் சின்னது.
அவர் பூட்ஸை வாங்கிப் பையிலிட்டேன்.

கந்தகம் உருக வேண்டும்,
கொதிக்கக் கூடாது.
தேன் நிறம் தாண்டினால் கெட்டது.
அடுப்பிலிருந்து இறக்கி
ஓரத்தில் முதல் ஊசிகள் முளைக்கும்வரை
கிண்டிக்கொண்டே பொறுத்திரு.
பனிக்குச் சுடுவதற்குள் தான் கல்லாகிவிட வேண்டும்,
அதுதான் சூட்சுமம்.
மூக்கெரிய, கண்ணீர் வழிய
ஒவ்வொரு பெட்டியாய்த் தூக்கி
ஒவ்வொரு காலடியாய் ஊற்றினேன்.
பனி ஒருதரம் சீறி அடங்கும்.
மஞ்சளாய் எழுந்து வரும்
ஒரு மனிதனின் அடிப்பக்கம்.

ஏழாவதுதான் மிகத் தெளிவு.
குதிகாலில் குறுக்கே ஒரு வெட்டு,
ஆணியோ கண்ணாடியோ மிதித்த வடு.
கோர்ட்டில் நிற்கக்கூடிய வெட்டு.
ஆனால் அதன் விரல்பக்கத்தில் ஏறி
இன்னொரு பூட்ஸ்.
புதிது, கூர்மை, பெண் அளவு.

எனக்குத் தெரிந்த பூட்ஸ்.

ஆறு ஐம்பதுக்கு
காற்றில் கிழிந்து பறந்த துணியைப் பிடிக்க
எட்டி வைத்தேன் ஓர் அடி.
ஒன்றே ஒன்று,
குச்சி நடும் முன்னால்.

எய்லிஃப் பார்த்தான்.
பிறகு ஏரியைப் பார்த்தான்.
நல்ல பையன், எதுவும் சொல்லியிருக்க மாட்டான்.

எழுதினேன்:
எண் ஏழு. முன்பகுதி சிதைவு.
சிதைத்தவர்: சுன்னிவா ஹேகே, தடயவியல்.
பேனா மை உறைந்திருந்தது, பென்சிலால்.
கீழே நேரம், கையெழுத்து.

மழை மூன்று வரை காக்கவில்லை.
இரண்டு இருபதுக்கே வந்தது.
பெட்டிகள் கவிழ்ந்திருந்த இடமெல்லாம்
கொஞ்ச நேரம் சதுரம் சதுரமாய்த் தெரிந்தன,
பிறகு ஏரி முழுக்க ஒரே ஈரம்.

என் பூட்ஸையும் கழற்றி
பையிலிட்டு முத்திரை வைத்தேன்.
வேனின் பின்னிருக்கையில்
நானும் யோவ்னாவும், நான்கு காலுறைகள்,
ஹீட்டர் பக்கம் நீட்டியபடி.
அவருடையதில் ஒரு விரல் வெளியே.
மடியில் பஞ்சு சுற்றிய பதினோரு காலடிகள்,
ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிடித்துக்கொண்டேன்.

வெகுதூரம் போனபின் கேட்டார்,
"அங்கியை எடுத்தபிறகு
முகத்தை வேறெதாலாவது மூடினீர்களா?"

மூடினோம் என்றேன்.
வெள்ளைத் துணி.
புதியது.